பிரேசிலில் நடக்கும் ரியோ கார்னிவல் திருவிழாவுக்கு நானும் என் காதலரும் போக ஆசைப்படுகிறோம், எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இதுதான்: இருவரும் ஆண்கள், கோவையில் வேலை, வீட்டில் யாருக்கும் தெரியாது, ஒரு வாரம் விடுப்பு கிடைக்கும், கே பார்ட்டிகளுக்கு மொத்தமாக ஒரு பாஸ் வாங்கிவிட்டால் போதுமா, அங்கே கைகோத்து நடக்கலாமா. நானும் என் இணையரும் போய் வந்தவர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நடக்கலாம். ரியோவின் கடற்கரைப் பகுதியான இப்பனேமாவில் ஃபார்மே டி அமோயேடு என்று ஒரு தெரு இருக்கிறது, அது கடற்கரையில் போய் முட்டும் இடத்தில் வானவில் கொடிகள் நட்டிருக்கும், அந்த மணலில் ஆண்கள் ஜோடி ஜோடியாகப் படுத்திருப்பார்கள், பக்கத்திலேயே குழந்தைகளோடு ஒரு குடும்பம் இளநீர் குடித்துக்கொண்டிருக்கும், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிரேசில் 1830லேயே தன்பாலீர்ப்பைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நமக்கு, தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 377 பிடி விட்டது 2018 செப்டம்பரில். அங்கே 2013 முதல் ஆணும் ஆணும் நாடு முழுக்கப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். 2019ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் மீதான வெறுப்புச் செயல்களை இனவெறிக் குற்றத்தோடு சேர்த்துத் தண்டிக்கச் சொல்லிவிட்டது. ஆனால் சட்டத்தைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. உலகிலேயே திருநர் கொலைகள் அதிகம் பதிவாகும் நாடும் அதே பிரேசில்தான். இப்பனேமா கடற்கரையில் செய்வதை நள்ளிரவில் ஆளில்லாத ஒரு தெருவில் செய்யாதீர்கள். இடம் பார்த்து, நேரம் பார்த்து. இந்தப் பழக்கம் நம் எல்லோருக்கும் ஏற்கெனவே உண்டு.

இப்போது பாஸ் விஷயம். என் கருத்து, வாங்காதீர்கள். ஒரு இரவுக்கு ஒரு பார்ட்டி ஆசைப்பட்டால் போங்கள், தவறில்லை. ஆனால் ஐந்து இரவும் அதற்குள்ளேயே அடைந்து கிடந்தால், ஐரோப்பாவிலிருந்து வந்த டிஜே, அமெரிக்காவிலிருந்து வந்த கூட்டம், பாங்காக்கிலும் கிடைக்கிற அதே இசை என்று போய்விடும். அதற்கு இருபது மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டியதில்லை. ரியோவில் கே மக்களுக்கு என்று கார்னிவலில் தனியாக ஒரு மூலை ஒதுக்கவில்லை, அந்தக் கார்னிவலைக் கட்டி எழுப்பியவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். 1930களில் லாப்பா பகுதியில் வாழ்ந்த மடாமி சதான் என்கிற கறுப்பினக் கலைஞர், போலீசோடு மல்லுக்கட்டிய கப்போயெய்ரா என்ற தற்காப்புக் கலை வீரர், அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதே 1938ல் கார்னிவல் உடைப் போட்டியில் ஜெயித்ததிலிருந்துதான். முனிசிபல் தியேட்டர் நடன விருந்தின் உடைப் போட்டிகளை வருடம் தவறாமல் வென்று, கடைசியில் போட்டிக்கு அப்பாற்பட்டவர் என்று மரியாதை செய்யப்பட்ட க்ளோவிஸ் போர்னாய் ஒரு அருங்காட்சியக அதிகாரி. 2025ல் பரைசோ டோ டுயுடி என்ற சம்பா பள்ளி, அதாவது ஊர்வலத்தில் போட்டியிடும் ஆட்டபாட்டக் குழு, ஷிக்கா மனிகோங்கோவின் கதையை எடுத்து ஊர்வலம் நடத்தியது. 16ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாக பிரேசிலின் சால்வடோர் நகருக்குக் கொண்டுவரப்பட்டு, ஆண் உடை உடுத்த மறுத்தவர் அவர். பிரேசிலின் ஆவணங்களில் கிடைக்கும் முதல் திருநங்கை என்று அவரைச் சொல்கிறார்கள். அந்த நாட்டின் ஆகப் பெரிய மேடையில், தொலைக்காட்சி முன்னால், திருநங்கைகளே திரளாக நடந்து அவர் பெயரைப் பாடினார்கள். பார்ட்டி பாஸ் வாங்கி ஏதோ ஒரு கிடங்குக்குள் இருப்பவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது. என் ஆதங்கம் அதுதான்.

அதனால் பணத்தை இப்படிப் பிரியுங்கள். தங்குமிடம் இப்பனேமாவிலோ பக்கத்துக் கடற்கரைப் பகுதியான கோபகபானாவின் இப்பனேமாவை ஒட்டிய கோடியிலோ, ஜெனரல் ஒசோரியோ மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். கார்னிவல் நாட்களில் ஹோட்டல்கள் குறைந்தது நான்கைந்து இரவு சேர்த்துத்தான் தருவார்கள், விலையும் பல மடங்கு. ஆகஸ்ட், செப்டம்பருக்குள் பதிவு செய்துவிடுங்கள். இரண்டு ஆண்கள் ஒரே கட்டில் கேட்பதைப் பற்றி ரியோவில் யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து, சம்பாட்ரோமில் ஒரு இரவு. கட்டடக் கலைஞர் நீமாயர் வடிவமைத்து 1984ல் திறந்த, சுமார் 700 மீட்டர் நீள ஊர்வலப் பாதை, இரண்டு பக்கமும் படிக்கட்டு அரங்கு. முதல் வரிசைப் பள்ளிகள் 2025லிருந்து ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்று இரவு, இரவுக்கு நான்காக வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். இரவு பத்துக்குத் தொடங்கினால் முடிய விடியற்காலை ஆகிவிடும். அரங்கின் ஒன்பதாம் பகுதியில் (செக்டார்) இருக்கைக்கு எண் உண்டு, வெளிநாட்டுப் பயணிகள் அங்கேதான் அதிகம், விலையும் அதிகம். எண் இல்லாத படிக்கட்டுகளில் உள்ளூர்க்காரர்களோடு உட்கார்ந்தால் பாட்டு உங்கள் காதுக்குள்ளேயே பாடப்படும், நான் அதைத்தான் சொல்வேன். இருவரில் ஒருவருக்காவது ஆட்டத்தில் பித்து இருந்தால், உடை வாங்கிக்கொண்டு ஒரு பள்ளியின் அணியிலேயே நடக்கலாம், பல பள்ளிகள் வெளியாட்களுக்கும் விற்கின்றன. ஆனால் அந்த ஆண்டின் பாட்டை வரி வரியாக மனப்பாடம் செய்துகொண்டு போங்கள், அவர்களுக்கு அது போட்டி, மதிப்பெண் இருக்கிறது. பகலில் ப்ளோகோக்கள், அதாவது தெருக் கூட்டங்கள். ஒரு இசைக் குழு முன்னால் மெதுவாக நகரும், தேருக்குப் பின்னால் ஊர் போவது போல ஜனம் பின்னாலேயே ஆடிக்கொண்டு போகும், டிக்கெட் கிடையாது. நீங்கள் தவறவே விடக்கூடாதது பண்டா டி இப்பனேமா. 1965ல், ராணுவ ஆட்சிக் காலத்தில் தொடங்கியது. ஆண்கள் பெண் வேடத்தில், கிரீடமும் இறகுமாக, எழுபது வயதுத் தாத்தாக்கள் உட்பட. கார்னிவல் சனியும் செவ்வாயும் பிற்பகலில் ஜெனரல் ஒசோரியோ சதுக்கத்துப் பக்கமிருந்து கிளம்பும். அந்தத் தாத்தாக்களைப் பார்த்து என் இணையர் அழுதார். நாம் வயதானால் இப்படியும் இருக்கலாம் என்பதை நேரில் பார்க்க நமக்கு எங்கே வாய்த்தது?

தேதி: ஈஸ்டருக்கு 47 நாள் முன்னால் வரும் செவ்வாய்தான் உச்ச நாள், 2027ல் அது பிப்ரவரி 9. போகவும் வரவுமே மூன்று நாள் போய்விடும், எனவே ஒரு வாரம் போதாது, இரண்டு பக்கமும் சனி ஞாயிறைச் சேர்த்து ஒன்பது பத்து நாளாக்கப் பாருங்கள். துபாய் வழியாக ரியோவுக்கே விமானம் இருக்கிறது, தோஹா மாறி சாவ் பாலோ போய் அங்கிருந்தும் போகலாம். வளைகுடாவில் விமானம் மாறுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வெளியே வந்து ஊர் சுற்றும் திட்டம் போடாதீர்கள், அங்கே தன்பாலீர்ப்பு குற்றம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பிரேசில் விசா வேண்டும். விண்ணப்பத்தில் உங்கள் இருவரின் உறவைப் பற்றி எதுவும் எழுத வேண்டியதில்லை, தனித்தனியாகவே போடுங்கள்.

பலர் கோட்டை விடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில். பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது ஊசி போட்டதற்கான சான்றிதழான மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிட முடியும். வீட்டுக்குத் தெரியாமல் போகிறவர்களுக்கு அந்த ஆறு நாளுக்குக் காரணம் சொல்லி மாளாது. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி இது, ஆகவே உங்களில் யாருக்காவது எச்ஐவி இருந்தால் மருத்துவரிடம் சிடி4 எனும் நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போடுங்கள், மறைக்காதீர்கள்.

அதே மருத்துவரிடம், எச்ஐவி தொற்றாமலிருக்க முன்கூட்டியே சாப்பிடும் ப்ரெப் மாத்திரை பற்றியும் பேசிவிடுங்கள். இருவரும் வெளியே யாரையும் தொடப்போவதில்லை என்றாலும், அந்த ஊரில் என்ன மனநிலையில் இருப்போம் என்பதைக் கோவையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. முன்கூட்டியே பேசி, எது சரி, எது வேண்டாம் என்று உங்களுக்குள் ஒரு உடன்பாடு வைத்துக்கொள்வது மாத்திரையைவிட முக்கியம். மாத்திரையைப் பட்டையோடும் மருந்துச் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். ஏதாவது நடந்து பயம் வந்தால், 72 மணி நேரத்துக்குள், தொற்றைத் தடுக்கப் பிறகு சாப்பிடும் பெப் மருந்தைத் தொடங்க வேண்டும், பிரேசில் அரசு மருத்துவத்தில் அது இலவசம். 'ஊபா' என்ற பலகையுள்ள 24 மணி நேர மையத்துக்குப் போய்க் கேளுங்கள். கூச்சப்பட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

திருட்டு உண்மையான பிரச்சினை. ப்ளோகோவுக்குப் பழைய போன் ஒன்று, இடுப்போடு ஒட்டிய துணிப்பட்டையில் ஒரு கார்டு, கொஞ்சம் பிரேசில் பணம், அவ்வளவுதான். பாஸ்போர்ட் அறையில் இருக்கட்டும். கைப்பேசிச் செயலியில் பழகியவரை முதலில் கூட்டமுள்ள இடத்தில் பாருங்கள், யார் கொடுத்த பானத்தையும் குடிக்காதீர்கள், மயக்க மருந்து கலந்து அறையைக் காலி செய்வது அங்கே பழைய தொழில். இரவில் மணலில் நடக்க வேண்டாம். முத்தம் கேட்பார்கள், நிறையக் கேட்பார்கள், வேண்டாம் என்று தலையாட்டினால் பெரும்பாலும் விலகிவிடுவார்கள். நீங்களும் கேட்காமல் யாரையும் தொடாதீர்கள், 2018லிருந்து அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

வீட்டில் தெரியாது என்பதால் இது. யாரோ எடுக்கும் படத்தில் நீங்கள் இருப்பீர்கள், அதைத் தடுக்க முடியாது, ஆனால் உங்களை டேக் செய்வதைக் கணக்கில் முடக்கி வைக்கலாம். சன்னமான முகமூடியும் மினுக்கும் அங்கே இயல்பு, அதையும் போட்டுக்கொள்ளலாம். அதைவிட முக்கியமாக, ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் ஆஸ்பத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்பதை இப்போதே எழுதி வையுங்கள். நம் சட்டம் உங்களை உறவினராகப் பார்ப்பதில்லை, ஆகவே ஒருவர் பாஸ்போர்ட் நகலும் காப்பீட்டு எண்ணும் மற்றவரிடம் இருக்கட்டும், ஊரில் நம்பிக்கையான ஒரே ஒரு தோழிக்காவது நீங்கள் எங்கே, யாரோடு இருக்கிறீர்கள் என்பது தெரியட்டும்.

ரியோ விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சால்வடோரை யோசியுங்கள். அங்கே பாடகர்கள் லாரி மேல் நின்று பாடிக்கொண்டு வருவார்கள், லாரியைச் சுற்றிப் பிடித்திருக்கும் கயிற்றுக்கு உள்ளே போகத்தான் அந்தக் குழுவின் சட்டை வாங்க வேண்டும், வெளியே இலவசம். தன் மனைவியை 2013ல் உலகுக்கே அறிமுகப்படுத்திய பாடகி டேனியலா மெர்குரியின் லாரிக்குப் பின்னால் நம் கூட்டம் திரளும். ஃபிலியோஸ் டி காந்தி என்று ஒரு குழுவையும் பார்ப்பீர்கள், 1949ல் துறைமுகத் தொழிலாளிகள் காந்தியின் பெயரில் தொடங்கியது, ஆயிரக்கணக்கான ஆண்கள் வெள்ளை உடையும் தலைப்பாகையுமாக வருவார்கள்.

ரியோதான் என்று முடிவெடுத்து, ஆனால் ஊர்வல டிக்கெட் எட்டவில்லை என்றால், கார்னிவல் முடிந்த பிறகு வரும் சனிக்கிழமை வரை இருக்க முடியுமா பாருங்கள், 2027ல் அது 13ஆம் தேதி. முதல் ஆறு இடம் பிடித்த பள்ளிகள் அன்றிரவு திரும்ப வரும், டிக்கெட் விலை குறைவு, போட்டி முடிந்துவிட்டதால் ஆடுகிறவர்களும் இன்னும் உற்சாகமாக இருப்பார்கள். விசா, விடுப்பு பற்றி வேறு ஏதாவது கேட்க வேண்டுமானால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.