நாலு கார்டு யார் வீட்டுச் சொத்து?

கேள்வி: ஒரு குட்டிக் கிடாரையும் நாலு கார்டையும் (chord, சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டுவது) வைத்துக்கொண்டு, அடுத்தவர் பாட்டைச் சுட்டே இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் உலகப் புகழ் அடைந்துவிட்டார். எல்லாம் அதிர்ஷ்டம்தானே?

பதில்: குட்டிக் கிடார் உண்மைதான், மார்ட்டின் கம்பெனியின் முக்கால் சைஸ் கிடார். மற்றதெல்லாம் உங்கள் கைச்சரக்கு.

முதலில் அதிர்ஷ்டம். சின்ன வயதில் திக்குவாய். எமினெமின் ராப் ஆல்பம் ஒன்றை மனப்பாடம் செய்து கடகடவென்று சொல்லிச் சொல்லித்தான் நாக்கு திருந்தியது என்று அவரே சொல்லியிருக்கிறார். பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு லண்டனுக்கு வந்து, தெரிந்தவர்கள் வீட்டு சோபாவில் படுத்து எழுந்து, 2009இல் மட்டும் 300க்கும் மேற்பட்ட கச்சேரிகள். முதல் ஆல்பம் 2011இல்தான்.

அப்புறம் அந்த லூப் பெடல். காலடியில் ஒரு மிதிகட்டை. அதை மிதித்துவிட்டு கிடாரின் மரத்தில் தட்டினால் அந்தத் தாளம் பதிவாகித் திரும்பத் திரும்ப ஓடும், அதன்மேல் கார்டு, அதன்மேல் தன் குரலிலேயே ரெண்டு மூன்று அடுக்கு கோரஸ், எல்லாம் ஏறிய பிறகுதான் பாட்டையே ஆரம்பிப்பார். ஒரு தட்டு அரை நொடி பிசகினால் போச்சு, பாட்டு முடிகிறவரை அந்தப் பிசகும் கூடவே ஓடும். 2015 ஜூலையில் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் மூன்று இரவு, பேண்டே இல்லாமல் இதை வைத்துத்தான் சமாளித்தார்.

சரி, திருட்டுக்கு வருவோம். அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயோடு சேர்ந்து 'லெட்ஸ் கெட் இட் ஆன்' பாடலை எழுதிய எட் டவுன்செண்டின் வாரிசுகள், ஷீரனின் 'திங்கிங் அவுட் லவுட்' அதன் காப்பி என்று வழக்குப் போட்டார்கள். நியூயார்க் கோர்ட்டில் ஷீரன் சாட்சிக்கூண்டிலேயே கிடாரை எடுத்து, இதே கார்டு வரிசையில் எத்தனை பாட்டு போகிறது பாருங்கள் என்று வாசித்தே காட்டினார். பாட்டு அவர் சொந்தமாக உருவாக்கியதுதான் என்று 2023 மே மாதம் ஜூரி சொல்லிவிட்டது. கார்டு வரிசைக்கு ஒருவர் பட்டா வாங்கலாம் என்றால், மோகனத்தில் பாட்டுப் போட்டவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் கேஸ் போட்டுக்கொண்டு அலையவேண்டியதுதான்.

அதற்காக அவரை உத்தமர் என்று சொல்லவரவில்லை. அவருடைய 'ஃபோட்டோகிராஃப்' பாட்டும் காப்பி என்று வந்த வழக்கை 2017இல் கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார். அதே வருடம் அவருடைய 'ஷேப் ஆஃப் யூ' பாட்டில் ஒரு பழைய பாட்டின் சாயல் இருக்கிறது என்று பேச்சு கிளம்பியதும், அந்தப் பழைய பாட்டை எழுதியவர்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அவர் காதல் பாட்டுகள் சிலவற்றில் சர்க்கரை தூக்கல் என்றால் அதையும் ஒப்புக்கொள்வேன். ஆனால் திருட்டு என்று நீங்கள் சொல்வது வேறு. 'ஷேப் ஆஃப் யூ'மேல் வந்த இன்னொரு வழக்கில் லண்டன் ஹைகோர்ட் 2022இல் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு பேட்டி ஒன்றில் சொன்னார், இப்போதெல்லாம் பாட்டு எழுத உட்காரும்போதே கேமராவை ஓடவிட்டுவிடுகிறாராம். ஜெயித்த ஆளின் கதி இது.