ஸ்டிக்கர் தொழிலுக்குப் பழைய பிரிண்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

வணக்கம். பாளையங்கோட்டையில் அல்வாப் பெட்டிக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் ஸ்டிக்கர் அச்சிடப் பழைய கலர் லேசர் வாங்கலாமா, பாட்டில் மையைத் தொட்டியில் ஊற்றி நிரப்பும் இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சிறு முதலீட்டில் தொடங்கும் உங்களுக்கு இங்க் டேங்க்தான் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. லேசரில் நான்கு டோனர்களையும் (மைத்தூள் பெட்டிகளையும்) மாற்றும் செலவு பல நேரங்களில் பழைய இயந்திரத்தின் விலையையே எட்டிவிடும், லேசருக்கென்று தயாரிக்கப்படாத வினைல் தாளோ அதன் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளக்கூடும்.

எப்சன் நிறுவனத்தின் இங்க் டேங்க் கிடைத்தால், விற்பவர் முன்னிலையிலேயே நாசில் செக் (மை வரும் துளைகள் அடைபட்டுள்ளனவா என்று காட்டும் சோதனைத் தாள்) அச்சிட்டு, கோடுகள் விடுபடாமல் வருகின்றனவா என்று பாருங்கள். ஹெட் க்ளீனிங் (மை தெளிக்கும் பாகமான ஹெட்டைப் பிரிண்டரே சுத்தம் செய்யும் வசதி) செய்த பிறகும் விடுபட்டால், ஹெட் மாற்றுவது பெருஞ்செலவு என்பதால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். இங்க் டேங்க் பிரிண்டர்களில் கலர் மை பெரும்பாலும் நீரில் கரையும் டை மையாகவே இருப்பதால், பாட்டில் ஸ்டிக்கர்களுக்குக் கோல்டு லேமினேஷன் (சூடில்லாமல் மேலே ஒட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் படலம்) அவசியம் செய்யுங்கள்.