பார்டரில் நிற்கும் சர்க்கரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வார்த்தையைச் சுற்றித்தான் இருக்கின்றன: பார்டர். ரத்தச் சர்க்கரை இயல்பைத் தாண்டிவிட்டது, ஆனால் நோய் என்ற அளவை இன்னும் தொடவில்லை என்று அர்த்தம். ‘சுகர் இல்லை டாக்டர், பார்டர்தான்’ என்று நிம்மதியாக எழுதுகிறார்கள். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். பார்டரில் இருப்பவர்கள் அதைவிட அதிகம், 13.6 கோடி. நான் கிளினிக்கில் அதிக நேரம் பேசுவது இந்த இரண்டாவது கூட்டத்தோடுதான். திருப்பிவிட வழி இருக்கும் கட்டம் அது.

எனக்கு 42 வயது. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. அம்மாவுக்குச் சுகர் உண்டு. எனக்குத் தாகமோ, அடிக்கடி சிறுநீர் போவதோ கிடையாது. ஆனாலும் டெஸ்ட் எடுக்கச் சொல்லி வீட்டில் நச்சரிக்கிறார்கள். அவசியமா? – வாசகர், திருப்பூர்

வீட்டில் சொல்வதைக் கேளுங்கள். தாகம், உடல் மெலிவு, ஆறாத புண் எல்லாம் தாமதமாக வரும் அறிகுறிகள். கண்புரை ஆபரேஷனுக்குப் போன இடத்தில் சுகர் இருப்பது தெரிந்தது என்று சொல்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005-ல் ஒரு எளிய மதிப்பெண் முறையை வெளியிட்டது. ஊசி வேண்டாம், நாலே விஷயம்தான்: வயது, பெற்றோர், உடலுழைப்பு, இடுப்புச் சுற்றளவு. மொத்தம் 100. உங்களுக்குப் போட்டுப் பார்ப்போம். 35-லிருந்து 49 வயதுக்குள் என்பதால் 20. பெற்றோரில் ஒருவருக்கு இருப்பதால் 10. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி பற்றி எழுதவில்லை, இல்லையென்றே எடுத்துக்கொள்கிறேன், அதற்கு 30. ஆக, இன்ச் டேப்பைக் கையில் எடுக்கும் முன்பே 60 வந்துவிட்டது. 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம் என்று அர்த்தம்.

இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80-க்கும் கீழே இருந்தால் பூஜ்யம். அதைத் தாண்டினால் 10, இன்னும் பத்து சென்டிமீட்டர் கூடினால் 20. தயவுசெய்து பேண்ட் சைஸைச் சொல்லாதீர்கள். நம்மில் பலருக்குப் பேண்ட் தொப்பைக்குக் கீழேதான் நிற்கிறது. சட்டையைத் தூக்கிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. மூச்சை விட்டபிறகு அளக்க வேண்டும்.

வயதையும் அம்மாவையும் மாற்ற முடியாது. உழைப்பும் இடுப்பும் சேர்ந்து 50 மதிப்பெண், அது உங்கள் கையில் இருக்கிறது. முதலில் ரத்தப் பரிசோதனையை முடியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். இயல்பாக வந்தால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறையாவது, பார்டர் என்றால் வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயது 38. ஹெச்பிஏ1சி 6.1 வந்திருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் பார்டர் என்று போட்டிருக்கிறது. வெறும் வயிற்றில் 94-தான். எதை நம்புவது? மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகம், ஹீமோகுளோபின் 8.9. – வாசகி, மதுரை

கடைசி வரியைச் சேர்த்து எழுதினீர்களே, நல்லது. பதிலே அதில்தான் இருக்கிறது.

ஹெச்பிஏ1சி என்பது ஹீமோகுளோபினில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. சிவப்பணு சுமார் மூன்று மாதம், நாலு மாதம் உயிரோடு இருக்கும் என்பதால் ‘மூணு மாசச் சராசரி’ என்கிறோம். 5.7-க்குக் கீழே இயல்பு, 6.4 வரை பார்டர், 6.5-லிருந்து சர்க்கரை நோய். ஆனால் உதிரப்போக்கு அதிகமாகி வரும் இரும்புச்சத்துக் குறைவில் இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டலாம். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் சரியாக வராது. இந்த ஒரு எண்ணை வைத்து உங்களுக்கு முத்திரை குத்த மாட்டேன்.

குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட் எடுங்கள். எட்டு மணி நேரப் பட்டினிக்குப் பிறகு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். ஐந்து நிமிஷத்துக்குள் குடித்துவிட வேண்டும். குமட்டும் என்பதால் பல இடங்களில் எலுமிச்சை பிழிந்து கொடுப்பதுண்டு. இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வரக் கூடாது, நடந்தால் எண் இறங்கிவிடும். 140-க்குக் கீழே இயல்பு, 199 வரை பார்டர், 200-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். எதிர் ஹோட்டலில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து கொடுக்கும் ரத்தம் இதற்கு ஈடாகாது.

கூடவே ரத்தசோகைக்கும் மருத்துவம் பாருங்கள். அது சரியானபின் ஹெச்பிஏ1சியை மறுபடி எடுத்தால் நம்பலாம்.

டெஸ்டுக்கு முன்னால் மூன்று நாள் சோற்றைக் குறைத்துவிட்டால் நல்ல ரிசல்ட் வருமா? – வாசகர், தஞ்சாவூர்

பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிக்கிற கதை! வேடிக்கை என்னவென்றால், குளுக்கோஸ் டெஸ்டில் இது உங்களுக்கே எதிராகத் திரும்பும். மாவுச்சத்தை வெட்டிவிட்டுப் போனால் உடம்பு திடீரென்று வரும் 75 கிராமைச் சமாளிக்கத் திணறி, இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டக்கூடும். வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

எனக்கு 51 வயது, பார்டர். எட்டு மாதமாகத் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. விட்டுவிடலாமா? – வாசகர், சென்னை

விடாதீர்கள். உங்கள் ஊரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளியானது. உங்களைப் போல பார்டரில் இருந்த 531 பேரைச் சேர்த்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில், மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர்களுக்கும் எடை பெரிதாகக் குறையவில்லை. நடக்கும்போது தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. எடைமெஷினில் அது தெரியாது. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. ஆனால் நடையோடு மாத்திரையையும் சேர்த்ததில் கூடுதல் லாபம் இல்லை.

அதற்காக எடையைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரம் 150 நிமிஷ உடற்பயிற்சியையும் இலக்காக வைத்தார்கள். அபாயம் 58 சதவீதம் குறைந்தது. உங்கள் கடிதத்தில் நடையைப் பற்றி நிறைய இருக்கிறது, தட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நடந்துவிட்டு வரும் வழியில் வடையும் காபியும் சேருகிறதா என்று பாருங்கள் (பார்க்கில் எனக்குப் பழக்கமான ஒரு கோஷ்டிக்கு அதுதான் வழக்கம்). மதியம் பொரியலையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். இரண்டாவது தடவை சோறு வாங்குவதைத் தானாகவே குறைப்பீர்கள். அப்புறம், அந்த முக்கால் மணி நேரத்தில் பதினைந்து நிமிஷத்தை எடுத்து இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டோம். கேழ்வரகுக் கூழும் தினம் உண்டு. போதும்தானே? – வாசகி, சேலம்

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரைதான். கேழ்வரகு நல்லது, ஆனால் நைசாக அரைத்துக் குழையக் காய்ச்சிய கூழ் வேகமாக ஏற்றிவிடும். களியாகவோ அடையாகவோ, கூடவே கீரையும் சுண்டலும் வைத்து, அளவாகச் சாப்பிடுங்கள்.

கர்ப்பத்தின்போது சுகர் இருந்தது. பிரசவம் ஆனதும் சரியாகிவிட்டது. குழந்தைக்கு இரண்டு வயது. இனி பயமில்லையே? – வாசகி, திருநெல்வேலி

பிரசவத்துக்குப் பிறகு 6-லிருந்து 12 வாரத்துக்குள் மறுபடி ஒருமுறை குளுக்கோஸ் டெஸ்ட் எடுத்திருக்க வேண்டும். எடுத்தீர்களா? பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. தடுப்பூசி அட்டையில் குழந்தையின் தேதிகள் எல்லாம் சரியாக இருக்கும், அம்மாவின் டெஸ்ட்தான் விட்டுப்போயிருக்கும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு வரை அதிகம். இந்த மாதமே எடுங்கள். அடுத்த குழந்தை எண்ணம் இருந்தால் அதற்கு முன்பும் கட்டாயம் எடுக்க வேண்டும்.

அப்பாவின் மெஷினில் விளையாட்டாகக் குத்திப் பார்த்தேன். காலையில் 131. எனக்கு 29 வயதுதான். ஒரே பயமாக இருக்கிறது. – வாசகர், கோயம்புத்தூர்

வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்பது லேப் கணக்கு. வீட்டு மெஷின் 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டும். உங்கள் 131, லேபில் 115 ஆகவும் இருக்கலாம், 145 ஆகவும் இருக்கலாம். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். லேபிலும் 126-க்கு மேல் வந்தாலும், தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு இரண்டாவது டெஸ்டிலும் உறுதியான பிறகுதான் நோய் என்று சொல்வோம். இன்று ராத்திரி ஒன்பது மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். காலையில் லேபுக்குப் போங்கள். தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. கையில் இருக்கும் அந்த ஊசியை மட்டும் தூக்கிப் போடுங்கள்; அப்பா குத்திய ஊசியில் நீங்கள் குத்தியிருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.