வாஷர் எந்தப் பக்கம்? மண்ணில்லாத் தோட்டம்: கேள்வி பதில்

கேள்வி: மொட்டை மாடியில் ஆறு 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளிகளை அடிப்பக்கமாகக் குழாயால் இணைத்து, மண்ணில்லா முறையில் தக்காளி வளர்க்க முயல்கிறேன். ஒவ்வொரு வாளியிலும் துளையிட்டு அரை அங்குல டேங்க் நிப்பிள் (தொட்டிச் சுவரில் குழாயை இணைக்க உதவும், மரையுள்ள துண்டு) மாட்டியிருக்கிறேன். மரையில் டெஃப்லான் டேப் சுற்றிப் பார்த்தேன், கசிந்தது. சுற்றிலும் சிலிக்கான் பசை பூசினேன், இரண்டு நாள் நின்றுவிட்டு மறுபடியும் கசிகிறது. எங்கே தவறு செய்கிறேன்?
(வாசகி, திருப்பூர்)

பதில்: வாளியைக் கவிழ்த்து அடியில் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்றோ 2 என்றோ இருக்கும். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 2 என்றால் எச்.டி.பி.இ. எனப்படும் அடர் பாலிஎத்திலீன். இந்த இரண்டு பிளாஸ்டிக்கின் மீதும் சிலிக்கான், பி.வி.சி. சால்வென்ட், பிசைந்து ஒட்டும் எபாக்சி ஆகிய எதுவும் நிலையாகப் பிடிக்காது. நான் முதல்முறை இதைச் செய்தபோது நிப்பிளைச் சுற்றி எபாக்சியைக் கெட்டியாக அப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு வாரம் கழித்து விரல் நகத்தை நுழைத்ததும் அது வளையல் போல முழுதாகக் கழன்று கையில் வந்துவிட்டது. ஆகவே பசையை மறந்துவிடுங்கள். இங்கே தண்ணீரை நிறுத்த வேண்டியது, இரண்டு பரப்புகளுக்கிடையே நசுங்கி நிற்கும் ரப்பர் வாஷர்தான்.

அந்த வாஷர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நிப்பிளின் அகன்ற தலை வாளிக்கு உள்ளே இருக்க வேண்டும். தலைக்கும் வாளிச் சுவருக்கும் நடுவே, அதாவது தண்ணீர் இருக்கும் பக்கத்தில், வாஷர் அமர வேண்டும். நட்டு வெளியே வர வேண்டும். வாஷரை வெளியே நட்டுக்கு அடியில் மட்டும் போட்டால், துளைக்குள் புகும் தண்ணீர் மரையின் சுற்றுப்பாதையிலேயே ஊர்ந்து நட்டின் வழியாக வெளியேறிவிடும். நட்டின் மரை இறுக்குவதற்காக மட்டுமே இருப்பதால், அதில் எத்தனை சுற்று டேப் சுற்றினாலும் பெரிய பயன் இல்லை.

அடுத்தது துளை. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளையிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அப்படிச் செய்தால் உருகிய பிளாஸ்டிக் துளையைச் சுற்றிக் கரை கட்டிக்கொள்ளும். அந்தக் கரையின் மீது எந்த வாஷரும் சமமாக உட்காராது. டிரில்லில் ஹோல் சா (வட்டமாக அறுக்கும் பல் வைத்த வளையம்) மாட்டி, வாளியின் உட்புறம் ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்து, மெதுவான வேகத்தில் அறுக்க வேண்டும். வேகம் கூடினால் இதுவும் உருக்கத்தான் செய்யும். அரை அங்குலக் குழாய் மரையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மி.மீ. என்றாலும், டேங்க் நிப்பிளின் உடல் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், வெர்னியர் அளவுகோலால் அளந்து அதைவிட ஒரு மி.மீ.க்கு மேல் பெரிதாகாத துளையைப் போடுங்கள். பிறகு பிசிறுகளைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, எதுவும் இடறவில்லை என்றால் மட்டும் நிப்பிளை எடுங்கள்.

வாளிச் சுவர் வளைந்தது, நிப்பிளின் தலை தட்டையானது. 28 செ.மீ. விட்டமுள்ள வாளியில் 4 செ.மீ. அகலத் தலையை வைத்தால், வளைவினால் சுமார் 1.4 மி.மீ. இடைவெளி உண்டாகிறது. 3 மி.மீ. தடிமனுள்ள மென்மையான ரப்பர் வாஷர் இதை நிரப்பிவிடும். பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டால் நிரப்பாது. தலை 6 செ.மீ. ஆனால் இடைவெளி 3 மி.மீ.யைத் தாண்டிவிடுகிறது. சிறிய நிப்பிள் மாட்டுவது எளிதாக இருப்பதும், ஒரு அங்குல நிப்பிள் பாடாய்ப் படுத்துவதும் இதனால்தான்.

இறுக்கும்போது உள்ளே தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, வெளியே நட்டை மட்டும் திருப்புங்கள். கையால் முடிந்தவரை இறுக்கி, அதற்கு மேல் ஸ்பேனரால் கால் சுற்று போதும். கோபத்தில் மேலும் முறுக்கினால் வாஷர் பிதுங்கி ஒரு பக்கமாக வெளியே வந்துவிடும். செடி வைப்பதற்கு முன்பே ஒவ்வொரு வாளியையும் தனித்தனியாக நிரப்பி, செய்தித்தாளின் மேல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அடியில் இணைந்த ஆறு வாளிகளில் ஒன்று ஒழுகினாலும், மோட்டார் ஓடாதபோதுகூட மற்ற ஐந்தும் சேர்ந்து வற்றிவிடும் என்பதால் இந்தப் பொறுமை தேவை. பெயின்ட் வந்த வாளியாக இருந்தால் மாற்றிவிடுங்கள். உண்ணும் காய்க்கு, உணவுப் பொருள் அடைத்து வந்த வாளியே நல்லது.

கேள்வி: பழைய தண்ணீர்த் தொட்டியிலிருந்து கழற்றிய பித்தளை நிப்பிள்கள் வீட்டில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா?
(வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். செடிக்கான உரம் கரைந்த தண்ணீரின், அதாவது ஊட்டக் கரைசலின் பி.எச். 5.5 முதல் 6.5 வரை, அதாவது சற்று அமிலத்தன்மையோடு இருப்பதால், பித்தளையிலுள்ள செம்பும் துத்தநாகமும் அதில் சிறிது சிறிதாகக் கரையும். செடிக்கு இவை இரண்டும் மிக நுண்ணிய அளவில் போதும். மிகுந்தால் வேருக்கு நஞ்சு.

கேள்வி: சொட்டுநீர்ப் பாசனப் பொருள்கள் விற்கும் கடையில், நட்டு எதுவும் இல்லாமல் ரப்பர் கிராமட் (துளையின் விளிம்பைக் கவ்வி உட்காரும் பள்ளமுள்ள ரப்பர் வளையம்) ஒன்றே போதும் என்கிறார்கள். நம்பலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: 16 மி.மீ. குழாய்க்கு நம்பலாம். துளையில் உட்காரும் ரப்பரைக் குழாய் உள்ளிருந்து விரித்து அழுத்துவதால் கசிவு நிற்கிறது. ஆனால் துளை ஒரு மி.மீ. கூடினாலும் அழுத்தம் போய்விடும்; கிராமட்டின் பள்ளமும் வாளிச் சுவரின் தடிமனும் பொருந்தியிருக்கவும் வேண்டும். குழாயின் முனையைச் சரிவாகச் சீவி, சோப்புத் தண்ணீர் தொட்டு நுழையுங்கள். கிராமட் பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது என்பதால், வாளியை அடிக்கடி நகர்த்துபவர்களுக்கு டேங்க் நிப்பிளே ஏற்றது.

கேள்வி: இரண்டு மாதம் சொட்டுக்கூடக் கசியாத வாளிகளில், இப்போது நட்டைச் சுற்றி வெள்ளையாகத் தூள் படிகிறது. ஆனால் தரை ஈரமாக இல்லை. இது என்ன?
(வாசகி, சென்னை)

பதில்: அது உர உப்பு. கண்ணுக்குத் தெரியாத அளவு கசியும் கரைசல் தரைக்கு வருவதற்குள் காய்ந்துவிட, உப்பு மட்டும் தங்குகிறது. வாளிகளை நேரான பி.வி.சி. குழாயால் இணைத்திருந்தால் பெரும்பாலும் காரணம் வெயில்தான். 3 மீட்டர் பி.வி.சி. குழாய் 25 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 5 மி.மீ. நீளும், இரவில் மறுபடி சுருங்கும். அந்த இழுபறி முழுவதையும் வாஷர்கள் தாங்குகின்றன. வாளிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சாண் நீள வளையும் ஹோஸைச் சேர்த்து, குழாயின் எடை நிப்பிளில் தொங்காதபடி அடியில் செங்கல்லை முட்டுக் கொடுங்கள். வாளியின் வெளிப்புறத்தில் வெள்ளை அடித்தால் பிளாஸ்டிக்கும் சீக்கிரம் வெடிக்காது, கரைசலும் அவ்வளவாகச் சூடேறாது. இவற்றைச் செய்த பிறகு தூளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். மீண்டும் பூத்திருக்கும் வாளியில் மட்டும் நட்டைக் கழற்றி வாஷரை மாற்றினால் போதும்.