கைத்தறிக்காரர்களுக்கு ஸ்டால் செய்யப் போகிறீர்களா? பஸ்ஸில் ஏறுமா என்று முதலில் பாருங்கள்

கேள்வி: கைத்தறி நெசவாளர்கள் கண்காட்சிகளுக்கு எடுத்துப் போகிற மாதிரி, கழற்றி மாட்டும் ஸ்டால் ஒன்றை வடிவமைக்க என்னென்ன கவனிக்க வேண்டும்?

கல்லூரி புராஜெக்டுக்குத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நான் டிசைன் படித்தவன் இல்லை. சேரன்மகாதேவிப் பக்கம் வெல்டிங் பட்டறை. "கேட் அடிக்கிறவனுக்குச் சேலையைப் பற்றி என்ன தெரியும்" என்று யாராவது கிளம்பி வருவார்கள், வரட்டும். வீரவநல்லூரில் செடிபுட்டா (செடி, பூ உருவங்களைப் புட்டாவாகப் போட்ட கைத்தறிச் சேலை) நெய்கிற ஓர் அக்காவுக்கு நான் செய்துகொடுத்த ஸ்டாண்டு இன்னும் ஊர் ஊராகப் போய்வருகிறது.

செடிபுட்டாவுக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்காட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் வண்டியா அனுப்புகிறார்கள்? சேலை மூட்டையோடு பஸ்ஸில்தான் போக வேண்டும். அதனால் அக்கா கேட்டது ஒன்றுதான்: ஒரு கையில் தூக்கணும், சீட்டுக்கு அடியில் போகணும். முக்கால் இஞ்சு சதுரக் குழாயை இரண்டரை அடித் துண்டுகளாக வெட்டி, சொருகிக்கொள்கிற மாதிரி செய்து, கையாலேயே திருகும் பட்டர்ஃப்ளை நட்டு போட்டேன். அலுமினியம் இன்னும் லேசுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன இடத்தில் உடைந்தால் அதைப் பற்றவைக்க ஆள் தேட வேண்டும். இரும்புக்கு அந்தக் கவலை இல்லை.

வேலை முடிந்து எடுக்க வந்தபோது அக்கா கையில் கொஞ்சம் பஞ்சு. வெட்டின முனை, பற்றவைத்த மூட்டு, ஒன்று விடாமல் பஞ்சால் தடவிக்கொண்டே போனார்.

"தம்பி, இந்த இடத்துல பஞ்சு பிடிக்கு பாருங்க."

கண்ணுக்கே தெரியாத பிசிறு. கேட்டில் இருந்தால் யாருக்கு என்ன? சேலையில் ஓர் இழை அதில் மாட்டி உருவினால், அந்தச் சேலையைக் கழிவு விலைக்குத்தான் தள்ள வேண்டும். அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஞ்சு வழுக்கிக்கொண்டு போகிறவரை அக்கா விடவில்லை. அப்புறம்தான் பவுடர் கோட்டிங். துருக்கறை பட்டால் போகாது என்பதால் மேல்கம்பிக்கு வெள்ளைத் துணியும் சுற்றினோம்.

சேலை அகலம் ஏறக்குறைய 4 அடி. மடிக்காமல் விரித்துக் காட்ட, இரண்டு துண்டு சேர்ந்த 5 அடிக் கம்பி போதும். பின்பக்கம் ஃப்ளெக்ஸ் கட்டி அடைக்காதீர்கள். விவரம் தெரிந்தவர்கள் புட்டாவின் பின்பக்கத்தையும், தறியில் துணியை இழுத்துப் பிடிக்கும் ஊசி ஓரத்தில் விட்ட துளையையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பார்கள். போதாததற்கு எங்கள் பக்கத்து ஆடிக் காற்று; ஃப்ளெக்ஸோடு சேர்த்து ஸ்டாலையே கொண்டுபோய்விடும். காலில் கட்ட 20 லிட்டர் கேன் இரண்டு போதும். காலியாகக் கொண்டுபோய் அங்கே தண்ணீர் பிடித்தால் ஒவ்வொன்றும் 20 கிலோ.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு கல்லூரிப் பிள்ளைகளும் என்னிடம் 'நெசவாளர் ஸ்டால்' செய்தார்கள். குடிசை மாதிரி மூங்கில் கூரை, பார்க்க அழகுதான், பொய் சொல்லக்கூடாது. ஏற்றிப்போகக் குட்டியானை வேண்டும், மாட்ட நாலு ஆள் வேண்டும். எந்த நெசவாளருக்குக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பரிசு வாங்கின போட்டோவை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். எனக்கு வர வேண்டிய பாக்கி அப்படியே நிற்கிறது. கேட்டால், அந்த சார் இப்போது இல்லையாம். சார் இல்லையென்றால் நான் வாங்கிப்போட்ட குழாய்க்குக் காசு கொடுக்க வேண்டாமா?

நீங்கள் அந்தக் கல்லூரி இல்லையென்றால் பட்டறைக்கு வாருங்கள், அளவெல்லாம் காட்டுகிறேன். பாதிப் பணம் முன்கூட்டியே வைத்துவிட வேண்டும்.