பட்ட மரமும் வண்டுகளும்

வணக்கம் சார்,

வேலை நிமித்தமாக ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். போன ஞாயிறு எப்ராக் பக்கம் ஸ்டைகர்வால்ட் காட்டுக்குப் போயிருந்தோம். பீச் (beech) மரங்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. சில மரங்கள் தலை முறிந்து, பட்டை உரிந்து, நின்றபடியே பட்டுப்போயிருக்கின்றன. அதே காட்டில் பாதையோரம் வெட்டிய மரங்களை நம்பர் போட்டு அடுக்கியும் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குப் பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு. பட்ட தென்னையை விட்டுவைத்தால் வண்டு வரும் என்று தாத்தா சத்தம் போடுவார். இங்கே அந்தப் பயம் இல்லையா? இல்லை, இயற்கை ஆர்வலர்களைச் சமாதானப்படுத்தத்தான் இப்படிச் செய்கிறார்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தாத்தா சொன்னது தோப்புக்கு முழுக்கச் சரி. காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியிலும் இற்றுப்போன தென்னந்தண்டிலும் வளர்கிறது. வண்டானதும் பறந்துபோய் நல்ல தென்னையின் குருத்தைக் குடைகிறது. வளர்வது செத்த மரத்தில், கைவைப்பது உயிருள்ள மரத்தில். அப்படிப்பட்ட வண்டு இருக்கும் இடத்தில் பட்ட தண்டை விட்டுவைக்கக் கூடாதுதான்.

பீச் காட்டில் கதை வேறு. ஜெர்மனியில் பட்ட மரத்தை நம்பி வாழும் வண்டினங்கள் ஏறக்குறைய 1,400. பெரும்பாலானவற்றால் திடமான மரத்தை ஒன்றும் செய்ய முடியாது. பூஞ்சை உள்ளே போய் மரத்தை இளக்கிக் கொடுத்த பிறகுதான் அவற்றுக்குச் சாப்பாடு. 2018 வறட்சிக்கு அப்புறம் ஊசியிலைக் காடுகளைக் காலி செய்த பட்டை வண்டைப் பற்றி அங்கே நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் எதிரி. அதற்கும் ஈரம் காயாத பட்டை வேண்டும். மக்கிப்போன பீச் தண்டு அதற்கு உதவாது.

நின்றபடி பட்ட பீச்சின் தண்டில் குதிரைக் குளம்பு மாதிரி சாம்பல் நிறக் காளான்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே உதிர்ந்து கிடக்கும் பழைய காளானைப் புரட்டிப் பாருங்கள். துளைகளும் பழுப்புத் தூளும் இருந்தால், உள்ளே அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில், முதுகில் வரிவரியாய் மேடு ஓடும் கறுப்பு வண்டுகள் இருக்கலாம். முட்டை முதல் வண்டு வரை எல்லாமே அந்தக் காளானுக்குள்தான். வெள்ளையாக மக்கிய பீச் கட்டைக்குள் இன்னொன்று இருக்கிறது. உருளை உடம்பு, ஆணுக்குத் தலையில் ஒற்றைக் கொம்பு. தாத்தா பார்த்தால் காண்டாமிருக வண்டின் குட்டி என்று உடனே நசுக்கிவிடுவார்! உண்மையில் அது மான்கொம்பு வண்டின் குடும்பம். எந்த மரத்துக்கும் அதனால் கெடுதல் கிடையாது.

சமாதானப்படுத்தவா என்று கேட்டீர்கள். முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். பீச் மரம் 250, 300 வருஷம் நிற்கக்கூடியது. மரத்துக்காக நடத்தப்படும் காட்டில் 120, 140 வயதுக்குள் வெட்டிவிடுகிறார்கள். அதாவது பொந்து விழுந்து, கிளை முறிந்து, உள்ளே உளுத்துப்போகும் பிற்பாதி அந்தக் காட்டில் நடப்பதே இல்லை. வண்டுகளுக்கு வேண்டியதோ அந்தப் பிற்பாதிதான். ஐரோப்பாவில் வெட்டாமல் விட்ட பீச் காடுகளில் ஹெக்டேருக்குச் சராசரியாக 130 கன மீட்டர் பட்ட மரம் கிடக்கிறது. ஜெர்மனி முழுவதற்குமான சராசரி 2012 கணக்கெடுப்பில் 20 சொச்சம், 2022இல் 29 சொச்சம். தாழ்நில ஓக், பீச் காடுகளுக்குக் குறைந்தது 30 முதல் 50 வரை வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. நீங்கள் இருக்கும் பவேரியா மாநிலத்தின் அரசு வனத்துறை தன்னுடைய வயதான இலையுதிர் காடுகளில் 40 என்று இலக்கு வைத்திருக்கிறது. கூடவே ஹெக்டேருக்குப் பத்து மரங்களை வண்டு, பறவை, வௌவால்களுக்கென்று வெட்டாமல் விடுகிறது. நீங்கள் பார்த்தது அந்த ஏற்பாட்டைத்தான். மரமும் வெட்ட வேண்டும், வண்டும் இருக்க வேண்டும். எப்ராக் அதற்குப் பேர்போன இடம்.

என் குறை வேறு. கன மீட்டரை மட்டும் எண்ணினால் போதாது. வெட்டிய மரத்தின் மெலிந்த உச்சிக் கிளைகளை நிழலில் போட்டுவிட்டுக் கணக்கை நிரப்பிவிடலாம். வெயிலில் காயும் கட்டைக்கு ஒரு கூட்டம் வரும், நிழலில் நனைந்து கிடக்கும் தண்டுக்கு வேறு கூட்டம் வரும். 2009இல் ஜெர்மனியின் மூன்று பகுதிகளில் 13 வகை மரத்துண்டுகளைக் காட்டில் போட்டு ஒரு சோதனை தொடங்கினார்கள். வண்டு வகைகள் அதிகம் வந்தவற்றில் முன்னால் நின்றது ஹார்ன்பீம். விறகைத் தாண்டி யாரும் பெரிதாக மதிக்காத மரம் அது.

பொந்து மரத்துக்கோ மாற்றே கிடையாது. ஆஸ்மோடெர்மா என்று ஒரு வண்டு. ஆண் வண்டிடமிருந்து பீச் பழ வாசனை வரும். (மரம் பீச் வேறு, பழம் பீச் வேறு. தமிழில் எழுதினால் இப்படி மாட்டிக்கொள்கிறோம்.) ஸ்டுட்கார்ட்டில் புதிய ரயில் நிலையத்துக்காகப் பூங்கா மரங்களை வெட்டப் போனபோது பெரிய சட்டச் சிக்கலானது இதுதான். உயிருள்ள முதிய மரத்தின் பொந்துக்குள் சேரும் மரத்தூளில் இதன் புழு வருஷக்கணக்கில் வளர்கிறது. ஸ்வீடனில் குறி வைத்துப் பார்த்தபோது, பிறந்த மரத்தை விட்டுப் பறந்தவை நூற்றுக்குப் பதினைந்துதான். போன தூரமும் சில நூறு மீட்டர். பக்கத்தில் இன்னொரு பொந்து மரம் இல்லையென்றால் அந்த வம்சம் அந்த மரத்தோடு முடிந்தது. வெட்டிப்போட்ட கட்டை எத்தனை கன மீட்டர் இருந்தாலும் இதற்கு உதவாது.

நம்பர் போட்ட அடுக்கு பற்றி. குளிர்காலத்தில் வெட்டியதைக் கோடைக்கு முன் காட்டிலிருந்து எடுத்துவிட்டால் நல்லது. ஸ்வாபியன் ஆல்ப் மலைப் பக்கம் ரொசாலியா என்ற நீலச்சாம்பல் நிற வண்டு, வெயில் படும் பீச் கட்டையைத் தேடி ஜூலை, ஆகஸ்டில் முட்டையிடும். பாதையோர விறகடுக்கு அதற்கு அருமையான இடமாகத் தெரியும். புழு வளர்ந்து வெளியே வருமுன் கட்டை யாரோ ஒருவர் வீட்டு அடுப்புக்குப் போய்விடுகிறது.

அப்புறம் ஒன்று. பட்ட பீச் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். அங்கே மரம் வெட்டுபவர்கள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். ரம்பத்தின் அதிர்வுக்கே உச்சிக் கிளை தலையில் இறங்கிவிடும். அதனால்தான் பல இடங்களில் விட்டுவைக்கும் மரங்களைப் பாதையிலிருந்து தள்ளி, கூட்டமாக ஒரே இடத்தில் விடுகிறார்கள். காளானைப் புரட்டப் போனால் காற்றில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், மேலேயும் ஒரு கண் இருக்கட்டும்.