அப்பாவின் வாட்சுக்குப் பாகம் தேடுவோர் கேட்டவை

கேள்வி: அப்பா விட்டுப்போன சாவி கொடுக்கும் வாட்ச். செய்த கம்பெனியே இப்போது இல்லை. பாகத்துக்கு எங்கே போவது?

பதில்: டயலில் உள்ள பெயரை மறந்துவிடுங்கள். பழைய கம்பெனிகள் பலவும் உள்ளே ஓடும் மெஷினைத் தாங்களே செய்யவில்லை. ஈட்டா, ஏ. ஷில்ட், எஃப்.எச்.எஃப். போன்ற சுவிஸ் நிறுவனங்களிடம் வாங்கிப் பொருத்தின. உங்கள் வாட்சில் உள்ள அதே மெஷின் வேறு பல பெயர்களிலும் விற்றிருக்கும். பின்மூடியைத் திறந்து, முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு முத்திரையும் எண்ணும் இருக்கும். சிலவற்றில் அது டயலுக்குப் பின்னால் ஒளிந்திருந்து உயிரை வாங்கும். தேட வேண்டியது அந்த எண்ணைத்தான். மூடியில் இருப்பது பெரும்பாலும் கூட்டின், அதாவது வெளி உறையின், எண்.

கேள்வி: என் தாத்தாவின் சீக்கோ மூடியில் 7009 என்று தொடங்கி, ஒரு கோடு போட்டு வேறு எண் இருக்கிறதே?

பதில்: சீக்கோவில் அந்தச் சௌகரியம் உண்டு. கோட்டுக்கு முன்னால் மெஷின், பின்னால் கூடு.

கேள்வி: கீழே விழுந்ததிலிருந்து, ஆட்டினால் நாலு துடிப்பு துடித்து நின்றுவிடுகிறது.

பதில்: பேலன்ஸ் அச்சின் முனை ஒடிந்திருக்கலாம். அந்த முனையின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. தான். அச்சை மட்டும் மாற்றுவது தேர்ந்த கைக்கே வரும். அதே எண்ணுள்ள பழைய வாட்ச் ஒன்றை வாங்கி, பேலன்ஸை அதன் மயிரிழை ஸ்பிரிங்கோடு அப்படியே எடுத்துப் போடுவது மேல். வாங்கும் வாட்சில் டயல் கறுத்திருந்தாலும் கண்ணாடி உடைந்திருந்தாலும் பரவாயில்லை. பேலன்ஸ் தடையில்லாமல் ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள். மீதியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நாளைக்கு உதவும்.

கேள்வி: கண்ணாடி?

பதில்: வட்டமாக இருந்தால் கவலையே இல்லை. கம்பெனி பார்க்க வேண்டாம், விட்டத்தை 0.1 மி.மீ. வரை அளந்தால் போதும். சதுரம், பீப்பாய் வடிவம் என்றால் கொஞ்சம் அலைய வேண்டும்.

கேள்வி: அம்மாவின் வாட்ச் குவார்ட்ஸ். பேட்டரி மாற்றியும் ஓடவில்லை.

பதில்: பேட்டரி கசிந்த கறை இருந்தால் முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மெஷினையே மாற்றிவிடலாம். ஆனால் முள்ளின் துளை, டயலைப் பிடித்து நிறுத்தும் அடிக்கால்கள், தேதிச் சாளரம் மூன்றும் பொருந்த வேண்டும்.

கேள்வி: 1950களின் வாட்ச். முள்ளில் இருக்கும் ஒளிரும் பூச்சை நானே சுரண்டிப் புதிதாகப் பூசலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம்! அந்தக் காலத்துப் பூச்சில் ரேடியம் இருக்கலாம். அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், சுமார் 1,600 ஆண்டுகள். ஒளி செத்திருக்கும், கதிர்வீச்சு சாகாது. தூள் மூச்சில் போனால் ஆபத்து. டயலையும் முள்ளையும் தொடாமல் விடுங்கள். பழுது பார்ப்பவரிடமும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.